எங்கெல்லாம் பார்த்தீங்க?

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஐந்து பேர். நான். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் என் கொழுந்தன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்ற அவன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீன்பிடிப் போட்டின் முதலாளி. அப்புறம், கோவில்பத்திலிருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த அந்தப் பொண்ணு. ஆறாவதாக இருக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் கடலில் இருந்தார். கடலில் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பொண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். பேரைப் போட மாட்டேன். நல்லா இருக்கிற ஒருத்தர் பேரை நான் எடுத்தால் அவங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எனக்கு எல்லாத்துக்கும் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். அம்மா மீன் விற்கப் போனபிறகு தம்பி அடுப்புப் பக்கம் போய்விடுவானோ என்று வகுப்பில் உட்காரவே முடியாது. பாதியில் எழுந்து ஓடி வருவேன். அவன் பேசாமல் மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பான். அப்புறம் ஒரு நாள் போகாமலே நின்றுவிட்டேன்.

கோவில்பத்துக்கு நான் மீன் கொண்டுபோகும் நேரம் தெருவே காலியாகிக்கொண்டிருக்கும். பாதிப் பேர் பைக்கில், பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓட்டம். ஆபீஸ் போகாத ஆபீஸ்காரி அந்தப் பொண்ணு ஒருத்திதான். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. அப்பா வயலுக்குப் போயிருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பாங்க. இவள் கொல்லைப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு, மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பாள். பேரம் பேச மாட்டாள். ஆனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"இது எங்கேர்ந்துக்கா?"

"கடல்லேர்ந்துதான் பாப்பா. வேற எங்கேர்ந்து வரும், உங்க அப்பா வயல்லேர்ந்தா?"

"கடல் பெருசுக்கா. எந்தப் போட்டு? உங்க கோட்டுச்சேரிமேடா, கருக்களாச்சேரியா?"

"தின்னப்போறது நீ ஒருத்தி. அதுக்குப் பூர்வீகமெல்லாம் வேணுமா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

தெரிந்துகொண்டு என்ன செய்வாள் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் செய்ய மாட்டாள். சங்கரா மீன் எந்தப் போட்டில் வந்தது என்று கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி மடிக்குள் குனிந்துகொள்வாள். ஒரு பொருளின் இருப்பிடம் தெரியாவிட்டால் அவளுக்கு உடம்பில் எறும்பு ஊறும் போலிருக்கிறது.

அவங்க வீட்டுக் கொல்லைக் குழாயடியில்தான் மீனை ஆய்ந்து கொடுப்பேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் அவள் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, நிற்காமல் மேலே மேலே ஓடுகிறது. எனக்குக் கத்தி நழுவிவிட்டது.

"என்ன பாப்பா, வேலை போயிடுச்சா?"

சிரித்தாள். "இல்லக்கா. தப்பு காட்டுது."

"இத்தனை தப்பா!"

"தப்பு ஒன்னுதான்க்கா. மத்ததெல்லாம் அது பின்னாடி வந்த கூட்டம்."

சொல்லிவிட்டு விரலால் தள்ளித் தள்ளி உச்சிக்குப் போனாள். கடைசியில் வந்து நிற்கிற வரியைத்தான் எல்லோரும் பார்ப்பாங்களாம், கண்ணெதிரே அதுதானே நிற்கும். இவள் அதைச் சட்டையே பண்ண மாட்டாள். முதல் வரியைக் கண்டுபிடித்து, சின்னப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள்.

"நாங்க எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்க ஒன்னு இருக்குக்கா, கம்பைலர்னு. இந்த எடத்துல இன்ன ஃபைலைப் பாத்துக்கன்னு எழுதியிருந்தா அது போய்த் தேடும். ஹெட்டர் ஃபைல்னு சொல்லுவோம். ஆனா அதுக்குச் சொல்லிவச்ச அறையில மட்டுந்தான் தேடும். பக்கத்து அறையில இருந்தாக்கூட எட்டிப் பாக்காது. இல்லன்னுடும்."

"என் வீட்டுக்காரரும் இந்த ரகந்தான். கொடியில தொங்குற லுங்கியக் காணோம்பாரு. இருக்கும்போதே இல்லன்னு பொய் சொல்லுதா அது?"

"பொய் இல்லக்கா. தேடுன எடத்துல இல்லன்னு சொல்லுது. நமக்குத்தான் இல்லவே இல்லன்னு கேக்குது."

இந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குப் பிறகு ஒரு நாள் புரிந்தது. அவங்க அம்மாவோட தோட்டில் திருகு ஒன்று காணாமல் போன நாள் அது. நான் குழாயடியில் இருக்கிறேன், உள்ளே அந்தம்மா கத்துறாங்க. இப்பதான் இருந்துச்சு, இப்பக் காணோம் என்று. அந்த வீட்டில் வெளியாள் நான் ஒருத்திதான். அந்தம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு அர்த்தம் இருக்குமோ என்று ஓடுகிற மண்டை எனக்கு. முந்தானையை உதறிக் காட்டலாமா என்று எழுந்தேவிட்டேன்.

அவள் மடியிலிருந்ததை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். "எங்கெல்லாம் பார்த்தீங்க?"

"எல்லா எடத்துலயும் பார்த்துட்டேன்டி!"

"எல்லா எடம்னு ஒரு எடம் இல்லம்மா. பார்த்த எடத்தை ஒன்னு ஒன்னாச் சொல்லுங்க."

அந்தம்மா திட்டிக்கொண்டே சொன்னாங்க. பாத்ரூம், அலமாரி, சாமி ரூம், கட்டிலுக்கடியில். முகம் துடைத்த துண்டு அந்த வரிசையில் வரவில்லை. கொடியில் கிடந்த துண்டை இவள் எடுத்து உதறினாள், திருகு தரையில் துள்ளியது. அம்மா காதில் போட்டுக்கொண்டாங்க. இவள் நாற்காலிக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா நிக்கிறீங்க, மீனைக் காக்கா தூக்கிடப் போவுது" என்றாள். பயந்துட்டீங்களா என்று கேட்கவில்லை.

அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காததும். ஆறுதலாக ஒரு வார்த்தை வராது. எங்கம்மா மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தெருவில் எல்லோரும் "நல்லாயிடும், பயப்படாதீங்க" என்றாங்க. இவளிடம் சொன்னால், "டாக்டர் என்ன சொன்னாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்கிறாள்.

"நல்லாயிடும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாப்பா?"

"எனக்குத் தெரியாதேக்கா" என்றாள்.

கல்நெஞ்சு என்று நினைத்தேன். பிறகு இரண்டு நாள் அந்த வீட்டுக்கு மீன் கொண்டுபோகவில்லை. அம்மா நல்லபடியாக வந்தாங்க. வந்தபிறகும் அந்த வார்த்தை எனக்குள் மீன்முள்ளாக நின்றது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் கோட்டுச்சேரிமேட்டில் பஞ்சாயத்து மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. மாடியில் ஏரியல், கீழே ஒரு கம்ப்யூட்டர். பெரிய போட்டுகளில் ஒரு பெட்டி வைத்திருப்பாங்க. நான் இன்ன போட்டு, இங்கே இருக்கேன் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஏரியலுக்கு அது கேட்டால் திரையில் பேரோடு ஒரு புள்ளி விழும். அதை வைத்துக் கொடுத்தவங்க அதில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்து, அதுக்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாங்க. என் கொழுந்தன்தான் பார்த்துக்கொள்வான். கொஞ்ச நாள் முன்னால் அது அப்டேட் வேணுமா என்று கேட்டதற்கு இவன் சரி என்று தட்ட, அதிலிருந்து ஒரு புள்ளியும் விழவில்லை. நான் தினமும் போய், "தம்பி, சரி பண்ணியாச்சா" என்று கேட்பேன். "அண்ணி, உங்க பயத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பத்தாது" என்பான்.

எங்க முதலாளிக்கு ரெண்டு போட்டு. தன் ரெண்டு பொண்ணுங்க பேரைத்தான் வைத்திருந்தார். நாங்க மூத்தவள், இளையவள் என்போம். என் வீட்டுக்காரர் மூத்தவளுக்கு டிரைவர். இளையவளை அடிப்பலகை வேலைக்காகக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தது.

காற்று பலக்கும் என்று எச்சரிக்கை வந்து, மற்ற போட்டெல்லாம் காலையிலேயே திரும்பிவிட்டன. மூத்தவள் மட்டும் வரவில்லை. செல் எடுக்கவில்லை, வயர்லெஸ்ஸிலும் சத்தம் இல்லை. நான் கோவில்பத்தில் அவங்க வீட்டுக் குழாயடியில் இருக்கும்போது ஓரகத்தி போன் பண்ணினாள். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொண்ணு என் கையிலிருந்து போனை வாங்கி எல்லாம் கேட்டாள், கம்ப்யூட்டர் சங்கதியையும் கேட்டாள். "வாங்கக்கா" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் நான் லுங்கியை நினைத்துக்கொண்டு வந்தேன். முந்தின நாள் அவர் கிளம்பும்போது சண்டை. புது லுங்கியில் எங்கேயோ போய்ப் பச்சைப் பெயிண்டை அப்பிக்கொண்டு வந்திருந்தார். கடலுக்குப் போகிற மனுஷனை ஒரு பெயிண்ட் கறைக்காகத் திட்டி அனுப்பினேனே, கடைசியாக என் வாயில் வந்தது அதுதானா என்று இருந்தது.

அறைக்குள் நுழைந்தால் இங்கேயும் திரை முழுக்க எழுத்து. புள்ளி காட்டுகிற புரோகிராமை முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று கொழுந்தன் காலையிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறான்.

"நூறு தப்பு காட்டுது அண்ணி. என்னால முடியல." அவன் குரல் உடைந்திருந்தது. அவனுக்கு அண்ணன்தானே.

ஓரகத்தி வாசல்படியிலிருந்து, "மீன் வாங்குற பொண்ணு வந்தா கடல்ல போன ஆளைக் கண்டுபிடிக்கப் போவுது?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பயத்தில் சிலருக்கு அழுகை வரும், அவளுக்கு ஏச்சு வரும்.

அந்தப் பொண்ணு காதில் வாங்கவில்லை. எட்டி மேலே மேலே தள்ளி, முதல் வரிக்குப் போய் வாய்விட்டுப் படித்தாள். "இந்த ஃபைலை இங்க யாருங்க வச்சது?"

"நான்தான். ஃபைல் இல்லன்னு சொல்லுச்சு. அதான் நெட்லேர்ந்து எறக்கி உள்ள போட்டேன்."

"இது பழசு. மத்ததெல்லாம் புதுசு. ரெண்டும் ஒத்துப்போகாம சண்டை போடுது." அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். எழுத்துக் கூட்டமெல்லாம் கலைந்து, ஒரே ஒரு தப்பில் வந்து நின்றது.

முதலாளி ஜன்னலை விட்டுக் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் படித்தார். "ஃபேட்டல் எரர்னு போட்டிருக்கே பாப்பா?"

"ஃபேட்டல்னா என்ன முதலாளி?" என்றேன் நான்.

அவர் ஜன்னல் கம்பிக்கே திரும்பிப் போய்விட்டார். அது உயிர் சம்பந்தப்பட்ட வார்த்தை என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கொழுந்தனுக்குக் கோபம். "பார்த்தீங்களா, இருந்ததையும் எடுத்துட்டு இப்ப மறுபடி இல்லங்குது!"

"இது நல்ல எரர்ங்க" என்றாள் அவள். "என்ன வேணும்னு சொல்லுது." எல், ஐ, பி, யூ, எஸ், பி, புள்ளி, ஹெச் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, அந்தப் பேரில் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வெளியே தகரக்கூரை அடித்துக்கொண்டது. அப்புறம் ஒரு வரி வந்தது. இருந்தது. எப்போதும் தேடுகிற அறைக்குள்ளேயே இன்னொரு உள்ளறை, அதற்குள் இருந்தது. கம்பைலர் வெளி அறையை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறது.

"அப்ப அதைத் தூக்கி வெளி அறையில போட்டுடலாம்ல?" என்றான் கொழுந்தன்.

"வேணாம். அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும். தேடுறவங்களுக்கு வழி சொன்னாப் போதும்." ஒரு சின்னக் கோடு, ஒரு பெரிய ஐ, அப்புறம் அந்த உள்ளறையின் முழு விலாசம். அடித்து முடித்து ஓடவிடும்போது பார்த்தேன், 'மேக்' என்கிற நாலு இங்கிலீஷ் எழுத்தை அவள் மூன்று முறை தப்பாக அடித்து அழித்தாள்.

இந்த முறை தப்பு வரவில்லை. கறுப்புத் திரை போய்க் கடல் படம் வந்தது. ஒன்று, அப்புறம் ஒன்று என்று புள்ளிகள் விழ ஆரம்பித்தன. துறைமுகத்தில் கட்டிக்கிடந்த போட்டுகள், தூரத்தில் சரக்குக் கப்பல்கள். எல்லோரும் மூத்தவள் பேரைத் தேடினோம். ஏரியலுக்குக் கேட்கிற பெட்டியெல்லாம் பேசிமுடிக்கிற அளவுக்குக் காத்திருந்தோம். மூத்தவள் இல்லை.

ஓரகத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முதலாளி, "அவன் வடக்கே தரங்கம்பாடிப் பக்கந்தான் போவான். ரெண்டு போட்டை வடக்கே விடுறேன்" என்று செல்லை எடுத்தார்.

நான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "எங்கெல்லாம் பார்த்தீங்க?" என்றாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும் போல வந்தது. "எல்லா எடத்துலயும்தான் பார்த்தாச்சு!" என்று கத்தினேன். கத்தின உடனே என் காதிலேயே அது விழுந்தது. எல்லா இடம் என்று ஒரு இடம் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் பார்த்தது ஒரே ஒரு பேரை.

திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மற்றவங்களுக்குப் பேர் பார்த்த உடனே தெரியும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு பேராகக் கூட்டினேன். யாரும் தடுக்கவில்லை. தெற்கே, நாகூருக்கு நேரே, தனியாக ஒரு புள்ளி. கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

"முதலாளி, இது இளையவதானே?"

"ஆமா, இளையவதான். அதுக்கென்ன..." பாதியில் நின்றுவிட்டார்.

இளையவள் கரையில் கிடக்கிறாள். அடிப்பலகை மாற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாங்க.

"பெயிண்டு" என்றேன். "அவரு லுங்கியில பெயிண்டு. போறதுக்கு முன்னாடி இளையவ மேல ஏறியிருக்காரு. அவ பெட்டியக் கழட்டிட்டுப் போயிருக்காரு."

முதலாளி தலையில் கைவைத்தார். "படுபாவி! என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டானா!" மீன் படுகிற இடத்தை மற்றவங்க தெரிந்துகொள்ளக்கூடாது என்று பெட்டியை மாற்றிக்கொண்டு போவது எங்க பக்கத்தில் நடக்கிறதுதான். ஆனால் சொந்த முதலாளிக்கே தெரியாமல் செய்தது இவர்தான்.

அந்தப் பொண்ணு புள்ளியைத் தட்டிப் பார்த்தாள். "இது எஞ்சின்ல போகலங்க. காத்துக்கு மெதுவா நகருது." கொழுந்தன் புள்ளி இருக்கும் இடத்தை வாசிக்க வாசிக்க, முதலாளி போனில் கத்திச் சொன்னார். வடக்கே போக இருந்த போட்டு தெற்கே திரும்பியது.

புரொப்பல்லரில் வலை சுற்றி எஞ்சின் நின்றிருக்கிறது, காற்றில் வயர்லெஸ் கம்பமும் சாய்ந்திருக்கிறது. கயிறு கட்டி இழுத்துவந்து சேர்த்தபோது பொழுது சாயவில்லை. இறங்கினவர் கூட்டத்தைப் பார்த்து, "என்னடி, திருவிழாவா?" என்றார். நான் அவர் முதுகில் அடித்த அடி முதலாளிக்குப் போதுமானதாக இருந்தது போல, அவர் அடிக்கவில்லை. "ஏன்டா இளையவ பெட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"மூத்தவ எங்க போறான்னு பாத்துப் பின்னாடியே ஒரு கூட்டம் வருது முதலாளி. கரையில கெடக்குறவள யாரு தேடுவா?"

அந்தப் பொண்ணு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"உனக்குப் பயமா இல்லியா பாப்பா?"

"மேக்னு அடிக்கக்கூட வரலக்கா."

"அப்ப ஏன், ஒன்னும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "சொன்னா நீங்க நம்பியிருப்பீங்க. அதான்."

மீன்முள் அன்றைக்குத்தான் இறங்கியது.

பிறகு அவள் கம்பெனி மாறினாள். ஊரை விட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கோவில்பத்து வீட்டில் பூட்டு தொங்குகிறது, வயலை வேறு யாரோ செய்கிறாங்க. கம்ப்யூட்டர் ஓடுகிறது, அப்டேட் கேட்கிற மூலையில் கொழுந்தன் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் திருந்தவில்லை. ஆனால் இன்றைக்கு எந்தப் பேரில் போகிறேன் என்று கிளம்பும்போது என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அவள் நம்பருக்கு அடித்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. முதல் தடவை கேட்டபோது அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம், அது பொய் சொல்லவில்லை, தேடுன இடத்தில் இல்லை என்றுதான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு நம்பரில் இருப்பாள். ஒருவேளை அதிலிருந்து எனக்கு அடித்தும் இருப்பாள். தெரியாத நம்பர் வந்தால் கெட்ட சேதியாக இருக்குமோ என்று நான் எடுத்ததே இல்லை, இத்தனை காலமும்.

இப்போது எடுக்கிறேன். லோன் வேணுமா என்றுதான் கேட்கிறாங்க. எடுத்து, முதல் வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.